எஸ்.ஐ.5351 வி.எஃப்.ஓ: மூன்று வருடம் ஓட்டிய பிறகு

என் ஹாம் ரேடியோவில் (அமெச்சூர் வானொலியில்) சுருள் சுற்றி, திருகி மதிப்பை மாற்றும் கேங் கண்டன்சர் வைத்துச் செய்த பழைய வி.எஃப்.ஓ.வை (அலைவரிசையை மாற்றித் தரும் ஆஸிலேட்டரை) விட்டு, அந்த அலையைக் கிரிஸ்டலை வைத்து டிஜிட்டலாக உருவாக்கும் எஸ்.ஐ.5351 சிப் மாட்யூலுக்கு நான் மாறியதற்குக் காரணம் சேலம் அம்மாப்பேட்டை வெயில்தான். தகரக் கூரை போட்ட மாடி அறையில் ஏப்ரல் மதியம் ரிக்கை (ரேடியோவை) ஆன் செய்தால் அலைவரிசை ஓரிடத்தில் நிற்காது. 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) பேண்டில் ஹாம்கள் கூடிப் பேசும் நெட்டில் ஒரு நண்பர், “அண்ணே, பேசப் பேச உங்க குரல் பூனைக் குரலாகுதுங்க” என்பார். சுருளை டி50-6 டாராய்டில் (வளையக் கருவில்) சுற்றினேன், வெப்பத்தில் மதிப்பு அதிகம் மாறாத என்.பி.ஸீரோ கண்டன்சர் போட்டேன். நகர்வு குறைந்ததே தவிர நிற்கவில்லை.

என்னுடையது ஹைதராபாத் ஹாம் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் ரிக்கின் வழியில் கட்டிய ரிக். கிரிஸ்டல் ஃபில்டர் 9 மெகாஹெர்ட்ஸ் பக்கம். வி.எஃப்.ஓ 16 மெகாஹெர்ட்ஸ் (16-இல் 9 போனால் 7), குரலை மீட்டுத் தரும் பி.எஃப்.ஓ ஆஸிலேட்டர் 9, இரண்டையும் ஒரே சிப்பே தருகிறது. பக்கத்துப் பக்கத்து அவுட்புட்டில் எடுத்தால் ஒன்றில் இன்னொன்று கசியும். அதனால் முதலாவதையும் மூன்றாவதையும் எடுத்து நடுவிலிருப்பதை அணைத்துவிட்டேன்.

சில சனிக்கிழமைகளில் ரிக்கைத் தூக்கிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டுக்குப் போவேன். மதியம் சேலம் வெக்கை, இரவு மலைக்குளிர். நான் அளந்ததில் கிரிஸ்டல் பத்து லட்சத்துக்கு 4 பங்கு நகர்ந்திருந்தது. 16 மெகாஹெர்ட்ஸில் அது 64 ஹெர்ட்ஸ். ஆனால் பி.எஃப்.ஓ.வும் அதே கிரிஸ்டலை நம்பியிருப்பதால் அதுவும் 36 ஹெர்ட்ஸ் கூடவே நகர்கிறது. கழித்தால் டயலில் மிஞ்சுவது 28 ஹெர்ட்ஸ்தான். பேச்சில் யாருக்கும் தெரியாது.

இனி குறை. 7.004 பக்கம் ஓயாமல் ஒரு சீட்டிச் சத்தம். பக்கத்து வீட்டு விசைத்தறி மோட்டார்தான் காரணம் என்று பல மாதம் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். ஏற்காட்டில் தறியே இல்லாத இடத்திலும் அதே சீட்டி! ஆன்டெனாவைக் கழற்றிப் பார்த்திருந்தால் சேலத்திலேயே தெரிந்திருக்கும். மாட்யூலில் இருப்பது 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். வி.எஃப்.ஓ 16.002, ஃபில்டர் 8.998, கழித்தால் 7.004, கூட்டினால் சரியாக 25. அதாவது ரிசீவர் வேண்டாமலே கூடக் கேட்கும் இமேஜ் அலைவரிசையிலேயே கிரிஸ்டல் உட்கார்ந்திருக்கிறது. காப்பர் போர்டில் பெட்டி செய்து மூடியதில் சத்தம் அடங்கியது, போகவில்லை. 27 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் மாற்றி, சிப்புக்குக் கட்டளை தரும் ஆர்டுயினோ நானோ போர்டின் நிரலில் அந்த எண்ணையும் திருத்தியதும் சீட்டி 9 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே போய்விட்டது. அங்கே நமக்கு வேலையில்லை. 9 மெகாஹெர்ட்ஸ் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் முதலிலேயே 27-ஐப் போட்டுவிடுங்கள்.

சிப்பிலிருந்து வெளிவருவது சதுர அலை. அலைவரிசைகளைக் கலக்கும் டயோடு ரிங் மிக்ஸருக்கு அதுவே பிடிக்கும். நடுவில் சிக்னலைக் கொஞ்சம் குறைக்கும் 3 டெசிபல் பேட் ஒன்று போதும். ஆனால் இதையே நேராகப் பெருக்கி ஆன்டெனாவுக்கு அனுப்பலாம் என்று நினைக்காதீர்கள். 7 மெகாஹெர்ட்ஸ் சதுர அலையில் 21 மெகாஹெர்ட்ஸ் வெறும் 9.5 டெசிபல்தான் கீழே இருக்கும். மேல் அலைவரிசைகளைத் தடுக்கும் லோ-பாஸ் ஃபில்டர் இல்லாமல் ஏற்றினால் அந்த பேண்டில் இருப்பவர் உங்களைத் தேடிக்கொண்டு வருவார்.

அப்புறம், நானோ போர்டு சிப்புக்கு விடாமல் எழுதிக்கொண்டே இருந்தால் ரிசீவரில் டிக் டிக் என்று கேட்கும். டயல் திரும்பினால் மட்டும் எழுதும்படி நிரலை மாற்றிக்கொள்ளுங்கள்.

சில நூறு ரூபாய் மாட்யூல் இந்த மூன்று வருடத்தில் ஒருமுறைகூட மக்கர் செய்யவில்லை. கெட்டுப்போவதெல்லாம் டயல் திரும்புவதைச் சொல்லும் ரோட்டரி என்கோடர்தான். இப்போது இருப்பது மூன்றாவது.