சுதேசி மென்பொருளா, கட்டற்ற மென்பொருளா? அரசின் முன்னால் மூன்று வழிகள்

2025 ஜூலையில், குஜராத்தின் வாடினாரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கு மைக்ரோசாஃப்ட் சேவைகள் நின்றுபோயின. ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட்டுக்கு அந்த நிறுவனத்தில் ஏறத்தாழப் பாதிப் பங்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. அதன் விளைவு இந்திய மண்ணில் இயங்கும் ஒரு ஆலையின் மின்னஞ்சல் வரை வந்தது. நயாரா தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது, சில நாள்களில் சேவை திரும்பியது. வழக்குப் போட வசதியுள்ள நிறுவனம் தப்பித்துக்கொண்டது. நாளை ஒரு தாலுகா அலுவலகத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ இப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்ற கேள்வி அன்றிலிருந்து பலமாகவே கேட்கிறது.

விடையாக இந்தியாவில் மூன்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. கேரளம் பள்ளிகளில் செய்தது ஒன்று, தமிழ்நாடு மடிக்கணினிகளில் செய்தது இன்னொன்று, மத்திய அரசு இப்போது தமிழ்நாட்டு மென்பொருள் நிறுவனமான ஜோஹோவை வைத்துச் செய்வது மூன்றாவது.

முதலில் கேரளம். ஐ.டி. அட் ஸ்கூல் என்ற பெயரில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கணினிக் கல்வி தொடங்கியபோது, பாடம் விண்டோஸை ஒட்டியே இருந்தது. ஆசிரியர் அமைப்புகளும், கட்டற்ற மென்பொருள் (மூலநிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய மென்பொருள்) ஆர்வலர்களும் அதை எதிர்த்தார்கள். சில ஆண்டுகளில் உயர்நிலைப் பள்ளிகள் முழுவதுமாக லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கு மாறின. பத்தாம் வகுப்பின் ஐ.டி. செய்முறைத் தேர்வே லினக்ஸில்தான் நடக்கிறது. இங்க்ஸ்கேப்பில் படம் வரைவது, லிப்ரே ஆபீஸில் அட்டவணை போடுவது, பைத்தானில் சிறு நிரல் எழுதுவது எல்லாம் மதிப்பெண்ணுக்குரிய வேலைகள். இவற்றைக் கற்றுக்கொடுக்கப் பள்ளி ஆசிரியர்களிலிருந்தே மாஸ்டர் டிரெய்னர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் பிற ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார்கள், பழுது வந்தால் பார்த்தார்கள், பாடத்துக்கு வேண்டிய மென்பொருள்களைச் சேர்த்து லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவைத் தங்கள் பள்ளிகளுக்கேற்ப மாற்றியும் அமைத்தார்கள். இத்திட்டத்தின் இன்றைய வடிவமான கைட் நிறுவனம், உரிமக் கட்டணத்தில் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கணக்குச் சொல்கிறது.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, ஆட்சிகள் மாறியும் இது நிலைத்திருக்கிறது என்பது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றியும் காட்டியது. மேயர் மாறினார், 2017இல் மாமன்றம் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. கேரளத்தில் இடது முன்னணியும் ஐக்கிய முன்னணியும் மாறி மாறி ஆண்டும் யாரும் இதில் கை வைக்கவில்லை. பாடநூலிலும் தேர்விலும் ஆசிரியர் பயிற்சியிலும் ஊறிப்போன ஒன்றை ஓர் அரசாணையால் பிடுங்கி எறிவது கடினம்.

இனி நம் மாநிலம். ஆர்வம் இல்லாமல் போனதாக யாரும் சொல்ல முடியாது. தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., தம் அலுவலகத்தையே சூசே லினக்ஸுக்கு மாற்றினார். அரசுப் பள்ளிகளுக்கு வாங்கிய கணினிகளிலும் அதையே போடச் செய்தார். பிளஸ் 2 கணினி அறிவியல் பாடநூலில், எம்.எஸ். ஆபீஸுக்கு மாற்றான ஸ்டார் ஆபீஸ் இருந்ததை அந்தத் தலைமுறை மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ரைட்டர், கால்க், பேஸ், இம்ப்ரெஸ் என்று பாடம் பாடமாகப் படித்துவிட்டு, தெருமுனை பிரவுசிங் சென்டருக்குப் போனால் எம்.எஸ். ஆபீஸ்தான் இருக்கும்.

2011இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் வந்தது. 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாணவர் கைக்குப் போயின. உலகில் எந்த அரசுக்கும் எளிதில் வாய்க்காத வாய்ப்பு அது. அவற்றில் விண்டோஸும் இருந்தது, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. கணினியைத் திறந்ததும் இரண்டு பெயர்களும் திரையில் வரும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டில் யாருக்கும் தெரியாத, பக்கத்து மொபைல் கடைக்காரருக்கும் பழக்கமில்லாத பாஸை ஒரு பதினேழு வயதுப் பிள்ளை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? தேர்வில் அது கேட்கப்படவில்லை. ஆசிரியருக்கு அதில் தொடர்ந்த பயிற்சி இல்லை. தமிழ் இடைமுகத்தோடு வந்த ஓர் இயங்குதளம் வன்வட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. என் மனத்தை இன்றும் அறுக்கும் விஷயம் இது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கேரளம் எடுத்தாண்ட உபுண்டு, லண்டனில் தலைமையகம் வைத்திருக்கும் கனோனிக்கல் நிறுவனத்தின் வெளியீடு. பாஸ் சென்னையில் உருவானது. ஆனாலும் தற்சார்பு கேரளத்துக்குத்தான் கிடைத்தது. மூலநிரல் திறந்திருந்ததும், அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆசிரியர்கள் இருந்ததும் சேர்ந்து செய்த வேலை அது.

மூன்றாவது வழியை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்கிறேன். 2023இல் ஏழாண்டு ஒப்பந்தம் போடப்பட்டு, மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் ஜோஹோவின் தளத்துக்கு மாறியிருக்கிறது. 2025 அக்டோபரில் மத்தியக் கல்வி அமைச்சகம் தன் அதிகாரிகளை ஜோஹோ ஆபீஸைப் பயன்படுத்தச் சொன்னது. தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள் சொந்த ஊரிலிருந்தபடி உலகத்துக்கு மென்பொருள் எழுதுவதில் எனக்கும் பெருமை உண்டு. நயாராவுக்கு நேர்ந்த ஆபத்துக்கு இது நேரடியான மருந்தும்கூட. இந்தியாவைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம், ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைக்காக இங்கே தன் சேவையை இப்படி நிறுத்த வேண்டியதில்லை. பயன்படுத்துவதும் எளிது, கூப்பிட்டால் பேச ஆள் உண்டு. லினக்ஸ் முயற்சிகள் பலவும் சறுக்கிய இடம் இந்தக் கடைசி விஷயம்தான்.

ஆனால் ஜோஹோ ஆபீஸின் மூலநிரல் மூடியது. இன்றைய உரிமையாளர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து அந்த நிறுவனம் யார் கையில் இருக்கும் என்பதை அவர்களாலும் சொல்ல முடியாது. ஸ்டார் ஆபீஸின் கதை நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம். அதை விற்ற சன் நிறுவனத்தை 2010இல் ஆரக்கிள் வாங்கியது. அடுத்த ஆண்டே அந்த வணிகப் பதிப்பு முடிவுக்கு வந்தது. ஆனால் அதன் மூலநிரல் ஓப்பன் ஆபீஸ் என்ற பெயரில் 2000இலேயே வெளியாகியிருந்ததால், அதை எழுதியவர்களில் பலர் பிரிந்துபோய் லிப்ரே ஆபீஸைத் தொடங்கினார்கள். கேரள மாணவர்கள் இன்று படிப்பது அதைத்தான். நிரல் மூடியிருந்தால் நம் பாடநூலோடு அதுவும் போயிருக்கும்.

ஆகவே என் கணிப்பில் பள்ளிகளுக்குக் கேரளத்தின் வழிதான், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. மின்னஞ்சல் போன்ற, இரவும் பகலும் கவனிப்புத் தேவைப்படும் சேவைகளை ஜோஹோவிடம் தரலாம்; ஆவணங்கள் எந்த மென்பொருளும் திறக்கக்கூடிய ஓ.டி.எஃப். போன்ற திறந்த வடிவத்தில் சேமிக்கப்பட வேண்டும், ஒப்பந்தம் முடிந்தால் எல்லாத் தரவும் குறித்த நாளுக்குள் திரும்பக் கிடைக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடு. தமிழ்நாடு செய்ததுபோல் வட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்குவது மூன்றிலும் மோசமானது. செலவும் ஆனது, பழக்கமும் மாறவில்லை, ‘லினக்ஸ் நம் ஊருக்குச் சரிப்படாது’ என்ற பேச்சுக்கும் இடம் கொடுத்துவிட்டது.

2015இல் வந்த மத்திய அரசின் கொள்கைப்படி, டெண்டரில் பங்கேற்போர் திறமூல (மூலநிரல் திறந்திருக்கும்) மென்பொருளையும் பரிசீலிக்க வேண்டும், தவிர்த்தால் காரணம் காட்ட வேண்டும். தமிழக அரசின் அடுத்த மடிக்கணினி டெண்டரில் அதோடு ஒரு பத்தி கூடுதலாக வேண்டும்: மாவட்டத்துக்கு இத்தனை ஆசிரியர்களுக்கு லினக்ஸ் பயிற்சி, ஆண்டுதோறும், அதற்குத் தனி நிதி.