இசை ரசனையை அளக்கும் இரண்டு வினாத்தாள்கள்: ஸ்டாம்ப்-ஆர் (STOMP-R), ஹம்ஸ் (HUMS)

ஸ்டாம்ப்-ஆர் வினாத்தாளை நிரப்ப ஐந்து நிமிடம் போதும். கூட்டிக் கணக்குப் பார்க்கும்போதுதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். ஹம்ஸ் இன்னும் சிறியது. முதலாவது எந்த வகை இசை பிடிக்கும் என்று கேட்கிறது. இரண்டாவது, கேட்ட இசை உங்களை என்ன செய்கிறது என்று கேட்கிறது. ஆளுமை பற்றிய ஆர்வத்துக்கு முதலாவது சுவாரசியமானது. மனநலத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வருபவர்கள் நேராக இரண்டாவதற்கே போகலாம்.

ஸ்டாம்ப் வினாத்தாளை உளவியலாளர்கள் பீட்டர் ரென்ஃப்ரோவும் சாமுவேல் காஸ்லிங்கும் 2003இல் வெளியிட்டார்கள். அப்போது அதில் 14 இசை வகைகள் இருந்தன. திருத்திய வடிவமான ஸ்டாம்ப்-ஆரில் 23. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை எண் போட வேண்டும்: 1 என்றால் கொஞ்சமும் பிடிக்காது, 4 என்றால் விருப்பும் இல்லை வெறுப்பும் இல்லை, 7 என்றால் மிகவும் பிடிக்கும். பிறகு இந்த 23ஐயும் நான்கு குழுக்களாகப் பிரிக்கிறார்கள். ஜாஸ், புளூஸ், செவ்வியல், நாட்டுப்புற இசை, ஆபெரா உள்ளிட்ட 8 வகைகள் 'ஆழமும் சிக்கலும்' குழுவில் வரும். ராக், பங்க், ஹெவி மெட்டல், ஆல்டர்நேட்டிவ் ஆகிய 4 'தீவிரமும் கலகமும்'. பாப், பக்தி இசை, திரையிசை, பழைய பாடல்கள் முதலான 6 'உற்சாகமும் மரபும்'. ராப், ரெகே, ஃபங்க், சோல், நடன மின்னிசை ஆகிய 5 'வேகமும் தாளமும்'. குழுக்களின் அளவு வேறுபடுவதால் கூட்டுத்தொகையை வைத்து ஒப்பிடக் கூடாது. ஒவ்வொரு குழுவுக்கும் சராசரி எடுங்கள்.

இங்கே இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கின்றன. கேட்டே இராத இசை வகைக்கு நடுவில் இருக்கட்டும் என்று 4 போடுவது முதல் தவறு. தெரிந்த ஒன்றின்மேல் அக்கறை இல்லாததும், அந்த ஒன்றைத் தெரியாததும் வேறு வேறு. தெரியாததை வெறுமையாக விட்டு, பதில் போட்டவற்றின் எண்ணிக்கையால் மட்டும் வகுங்கள். ஒரு குழுவில் பாதிக்குமேல் வெறுமையாக இருந்தால் அந்தக் குழுவைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

இரண்டாவது தவறு, சராசரியை அப்படியே படிப்பது. எதைக் கொடுத்தாலும் 5, 6 போடும் கை ஒன்று, 3க்கு மேல் ஏறாத கை ஒன்று என்று மனிதர்கள் இரண்டு விதமாகவும் உண்டு. ஒருவரின் 23 பதில்களின் கூட்டுத்தொகை 115 என்றால் அவருடைய பொதுச் சராசரி 5. 'தீவிரமும் கலகமும்' குழுவில் அவர் 4 எடுத்திருந்தால் அந்த இசை அவருக்குச் சற்று ஒதுக்கமானதுதான். இன்னொருவரின் கூட்டுத்தொகை 69, பொதுச் சராசரி 3. அதே குழுவில் அதே 4 எடுத்தால் அது அவருடைய பிரியமான இசை. ஆகவே ஒவ்வொரு குழுச் சராசரியிலிருந்தும் உங்கள் பொதுச் சராசரியைக் கழித்து, வரும் கூட்டல் கழித்தல் குறியைப் பாருங்கள்.

இந்த வினாத்தாளின் பெரிய குறை, பெயர்களை மட்டும் கேட்பது. திரையிசை என்பது இதில் ஒரே ஒரு வரி. ஒரே படத்துக்குள் தாலாட்டும் ஒப்பாரியும் ஆட்டப் பாட்டும் இருக்கும்போது, அந்த வரிக்கு 6 போட்டவருக்கு எது பிடித்தது என்று எப்படித் தெரியும்? ஆய்வாளர்களும் இதை உணர்ந்துதான் 2011இல் பெயர்களை விட்டுவிட்டு, பலருக்கும் அறிமுகமில்லாத சிறு இசைத் துணுக்குகளைக் கேட்கவைத்து அளந்தார்கள். நான்குக்குப் பதில் ஐந்து பரிமாணங்கள் கிடைத்தன: மென்மை, எளிமை, நுட்பம், தீவிரம், சமகாலத் தன்மை. துணுக்குகளைக் கேட்டு எண் போடும் வடிவம் கிடைத்தால் அதையே எடுங்கள்.

சரி, ஆளுமையைப் பற்றி இது என்ன சொல்கிறது? 2003 ஆய்வில் ஆழமான, சிக்கலான இசையை விரும்பியவர்களிடம் புதியவற்றை நாடும் திறந்த மனம் கூடுதலாகத் தெரிந்தது. வேகமான தாள இசையை விரும்பியவர்கள் கலகலப்பாகப் பழகுபவர்களாக இருந்தார்கள். ஆனால் இந்தத் தொடர்புகளின் அளவு மிகச் சிறியது. தாமஸ் ஷேஃபரும் கிளாவுடியா மெல்ஹார்னும் 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆளுமைக்கும் இசை விருப்பத்துக்கும் இடையிலான 30 சராசரி ஒட்டுறவுக் கெழுக்களில் (தொடர்பின் வலிமையைக் காட்டும் எண்; 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.1ஐத் தாண்டியவை 6 மட்டுமே. 0.1 என்றால், மனிதர்களுக்கிடையே இசை விருப்பத்தில் உள்ள வேறுபாட்டில் 1 சதவீதத்தை மட்டும் ஆளுமை விளக்குகிறது என்று பொருள். ஆயிரக்கணக்கானவர்களின் பொதுப்போக்கைக் காட்ட இது உதவும். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரை எடைபோட உதவாது. வேலைக்கு ஆள் எடுக்கவோ துணை தேடவோ இதைப் பயன்படுத்துவது அநியாயம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அதே 2003 ஆய்வில், மனச்சோர்வுக்கும் தன்மதிப்புக்கும் இசை வகை விருப்பத்தோடு குறிப்பிடத்தக்க தொடர்பு தெரியவில்லை. மகன் மெட்டல் கேட்கிறான், மகள் சோகப் பாட்டே கேட்கிறாள் என்று பதறும் பெற்றோர் இதை மனத்தில் வைக்க வேண்டும். சோக இசை கேட்பவர்கள் 772 பேரிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், அந்த இசை எழுப்பும் உணர்வாக அதிகம் பேர் சொன்னது துயரத்தை அல்ல, பழைய நினைவுகளின் ஏக்கத்தை.

ஹம்ஸ் கைகொடுப்பது இங்கேதான். சுவி சாரிகல்லியோவும் அவருடைய குழுவினரும் 2015இல் வளரிளம் பருவத்தினருக்காக உருவாக்கியது. மொத்தம் 13 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 1 (ஒருபோதும் இல்லை) முதல் 5 (எப்போதும்) வரை. இவற்றில் 5 இசையின் நலமான பயன்பாட்டையும் 8 நலமற்ற பயன்பாட்டையும் கேட்கின்றன. இசை இளைப்பாற உதவுகிறதா என்பது முதல் வகை. வேதனை கூடுகிறது என்று தெரிந்தும் அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுகிறீர்களா, மனிதர்களைத் தவிர்க்க இசைக்குள் ஒளிந்துகொள்கிறீர்களா என்பவை இரண்டாவது வகை. இங்கும் சராசரிதான் எடுக்க வேண்டும். 8 வினாக்களின் கூட்டுத்தொகை 20 வந்தால் சராசரி 2.5. 5 வினாக்களில் அதே 20 வந்தால் சராசரி 4. மொத்தத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டும் சமம் என்று நினைத்துவிடாதீர்கள். இது நோயைக் கண்டுபிடிக்கும் சோதனையும் அல்ல. நலமற்ற பக்கத்தில் எந்த வினாவுக்கு 4, 5 விழுந்தது என்று பார்த்து அதைப் பற்றிப் பேசத் தொடங்குவதே இதன் சரியான பயன்.

ஹம்ஸின் பலவீனம், நினைவிலிருந்து பதில் சொல்லவைப்பது. இன்றைய மனநிலை பழைய நினைவின்மேலும் சாயம் பூசிவிடும். அதனால் கூடவே 14 நாள் குறிப்பேடு ஒன்று வையுங்கள். பாட்டைப் போடும் முன் மனநிலைக்கு 0 முதல் 10 வரை ஓர் எண், 30 நிமிடம் கழித்து மறுபடியும் ஓர் எண், என்ன இசை, தனியாகவா கூட்டாகவா என்று ஒரு வரி. மிகத் தாழ்ந்த எண் எப்படியும் தானாகக் கொஞ்சம் ஏறும். எனவே அதே அளவு சோர்ந்திருந்து பாட்டுக் கேட்காத சில வேளைகளையும் குறித்து ஒப்பிடுங்கள். பாட்டுச் செயலியின் ஆண்டுப் பட்டியலைக் குறிப்பேட்டுக்குப் பதிலாக எடுக்காதீர்கள். ஒரே கணக்கைப் பலர் பயன்படுத்துவது, தானாக ஓடிக்கொண்டே இருக்கும் பாடல்கள், தூங்குவதற்குப் போட்ட மழைச் சத்தம் எல்லாம் அதில் உங்கள் ரசனையாகப் பதிவாகியிருக்கும்.

சோர்வு இரண்டு வாரத்துக்குமேல் நீடித்து, தூக்கமும் சாப்பாடும் படிப்பும் கெட்டால், மதிப்பெண் எதுவானாலும் மருத்துவரைப் பாருங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே போங்கள். மற்றவர்கள் ஒரு மாதம் கழித்து, பழைய பதில்களைப் பார்க்காமல், நாளின் அதே நேரத்தில் ஹம்ஸை மறுபடி நிரப்பிப் பார்க்கலாம்.