ஈயம் உருக்குற கரண்ட் சட்டி: அடியில சொட்டுறது நிக்கவே இல்ல

ரிப்பேருக்குப் போன ஈயச்சட்டி திரும்பி வந்துருச்சு, சூடு நல்லா ஏறுது, ஆனா அடியில சொட்டுறது மட்டும் அப்படியேதான் இருக்கு. இதே மாதிரி சட்டி விலை எறங்கிருக்கு, வாங்கலாமானு நோர்வூட் மச்சான் கேட்டான், அதனால எழுதுறேன்.

என்னோடது அடிப்பக்கமா ஊத்துற சட்டி, லீவர தூக்குனா மூக்கு வழியா ஈயம் மோல்டுக்குள்ள எறங்கும், நாலரை கிலோ கிட்ட புடிக்கும். இதப் பத்தி வர்ற வீடியோல முக்காவாசி துவக்கு குண்டு வாக்குறவங்க போட்டது. நம்ம இலங்கையில அனுமதி இல்லாம அது ஏலாது, அந்தப் பக்கம் போகவே வேணாம். நான் ஊத்துறது தூண்டிலுக்கும் வீச்சு வலைக்கும் ஈயக்குண்டு மட்டும்தான், காசல்ரீ, மவுசாகலைனு நம்ம மலைநாட்டு நீர்த்தேக்கத்துக்கு மீன் புடிக்கப் போறவங்களுக்கு.

இப்ப அந்த சொட்டு. உள்ள ஒரு கம்பி வந்து ஓட்டையில ஒக்காந்து அடைக்குது, அவ்வளவுதான் வால்வு. கம்பி நுனிக்கும் ஓட்டைக்கும் நடுவுல மணல் அளவு கசடு மாட்டுனாலும் சளி புடிச்ச புள்ள மூக்கு மாதிரி ஒழுக ஆரம்பிச்சிரும். ஸ்க்ரூ ட்ரைவரால கம்பிய ரெண்டு பக்கமும் திருப்பி விட்டா கொஞ்ச நேரம் நிக்கும், பெறகு பழையபடி. கராஜ்ல வால்வு தேய்க்கிற பேஸ்ட் வாங்கி தேய்ச்சும் பாத்தாச்சு. டயர் கடை ஈயத்த, அதான் வீல் பேலன்ஸுக்கு ஒட்டுற பழைய ஈயத்துண்ட, நேரா இதுல போடுறதே இல்ல, தனி இரும்புச் சட்டியில உருக்கி மெழுகு போட்டுக் கிண்டி கசட வழிச்சு கட்டியா ஊத்தி வச்சுதான் போடுறேன், அப்பவும் சொட்டுது.

நம்ம பக்கத்து குளிருதான் இதுல பெரிய வில்லங்கம். ஈயம் உருகுறது 327 டிகிரியில, காத்து வீசுனா மூக்கு நுனியில அது ஒறஞ்சு அடைச்சிக்கும், சரினு சூட்ட கூட்டுனா அடைப்பு போயிரும், சொட்டு கூடிரும். இஷ்டத்துக்கு கூட்டவும் ஏலாது. டயர் ஈயம்னு வர்றதுல நாகமும் (துத்தநாகம்) கலந்து வருது, சிலதுல Zn-னு அடிச்சிருக்கும், அது 419-ல உருகி ஈயத்தோட சேந்துச்சுனா மோல்டு ஒழுங்கா நெறையாது. அதுக்குக் கீழ வச்சிருந்தா மேல மெதக்கும், வழிச்சு எறிஞ்சிரலாம்.

சொட்டுறத நான் சும்மா எரிச்சலுக்கு சொல்லல. மழை மாசத்துல நம்ம சீமெந்து தரை வேர்த்து நிக்கும், அந்த ஈரத்துல ஒரு சொட்டு விழுந்தா தண்ணி ஆவியாகி ஈயம் கண்ணு மட்டத்துக்குத் தெறிக்கும். அடுப்புல காய வச்ச தகரத் தட்டு அடியில இல்லாம சுவிட்சே போடாதீங்க, கண்ணாடியும் கட்டாயம். தட்டுல விழுற சொட்டு பளபளனு சில்லறைக் காசு மாதிரி பரந்து உடனே மங்கிரும், அத பொறுக்கி திரும்ப போட்டுக்கலாம்.

ஆனா ஊத்துறதுல இத அடிச்சிக்க ஆளில்ல. கரண்டியில மொண்டா மேல மெதக்குற கசடும் சேந்து வரும், கரண்டி ஆறியிருந்தா குண்டுல சுருக்கம் விழும். இதுல அடியில இருக்குற சுத்தமான ஈயம் ஒரே இழுப்புல எறங்குது, வளையம் மாட்டுற எடம் வரைக்கும் விளிம்பு கூர்மையா வருது, கையில எடுத்துப் பாத்தாலே மனசு நெறையுது.

அப்படியும் புதுசா பழகுறவங்க இத வாங்க வேணாம்ங்கறேன். மூக்கு இல்லாத சாதா சட்டி, நல்ல கரண்டி ஒண்ணு, மிச்சக் காசுக்கு மோல்டு. எந்த சட்டியா இருந்தாலும் வெளிய காத்தோட்டத்துல வச்சு உருக்குங்க, புள்ளைங்கள கிட்ட சேக்காதீங்க, சமைக்கிற பாத்திரத்த இதுக்கு எடுக்காதீங்க, சவுக்காரம் போட்டு கை கழுவாம டீ குடிக்காதீங்க. பழைய பேட்டரி ஈயம் சும்மா குடுத்தாலும் வேணாம், அதுல ஆசிட்டும் வெசமும் இருக்கு.

மச்சான், என்னோடத தாறியானு கேக்காத, அத நான் விக்க மாட்டேன்.