ஸ்பேஸ் கேம் சல்லிசா கெடைக்குதேன்னு 350 ரூவா கட்டிறாதீங்க

மக்களே கொஞ்சம் பெரிய பதிவு, பொறுமையா படிங்க, காரைக்குடி தேவகோட்டை பக்கத்துப் பசங்க கண்டிப்பா படிங்க, ஏன்னா கேமை சல்லிசா தர்றேன்னு சொல்லி ஏமாத்துற ஒருத்தன் நம்ம ஏரியா வாட்சப் குரூப்லதான் சுத்திக்கிட்டு இருக்கான்.

நான் வேலை பாக்குறது முனீஸ்வரன் கோவில் தெருவுல ஒரு பழைய சாமான் கடையில. ஒரு எனாமல் தூக்கைக் குடுத்தா அடியைத் திருப்பிப் பாத்தே இது நெசமாவே பழசா இல்ல போன வருஷம் செஞ்சு துரு ஏத்துனதான்னு சொல்லிருவேன். அப்பேர்ப்பட்ட நானே ஏமாந்திருக்கேன், அந்த வெக்கத்துலதான் ரெண்டு வாரமா இதை எழுதாம இருந்தேன்.

எலைட் டேஞ்சரஸ்னு ஒரு ஸ்பேஸ் கேம், தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். 2014ல வந்தது, நம்ம பால்வெளி மண்டலத்தையே முழு சைஸ்ல உள்ள வச்சிருக்காங்க, 40,000 கோடி நட்சத்திர மண்டலம், இத்தனை வருஷத்துல எல்லாரும் சேந்து ஆடியும் அதுல 1 சதவீதம்கூட இன்னும் பாத்து முடிக்கல. ஆனா யாரைக் கேட்டாலும் ரெண்டு விதமாதான் சொல்லுவாங்க, ஒருத்தன் இதை விட்டா வேற கேமே இல்லம்பான், இன்னொருத்தன் கடல் மாதிரி பரப்பு இருக்கு ஆனா கணுக்கால் நனையத்தான் தண்ணின்னுவான். முழுக் காசு போட்டு வாங்கிப் புடிக்காமப் போச்சுன்னா என்ன பண்றதுன்னு நானும் யோசிச்சுக்கிட்டே இருந்தேன், அப்பதான் குரூப்ல இவன் மெசேஜ் போட்டான், லைஃப்டைம் ஆஃப்லைன் ஆக்டிவேஷன் வெறும் 350 ரூவா ப்ரோன்னு, அதாவது நெட் இல்லாமலே காலம் பூரா ஆடலாமாம். ஜிபே பண்ணிட்டேன்.

முதல் நாளே சந்தேகம் வந்திருக்கணும். ஸ்டீம்னு கேம் விக்கிற ஆன்லைன் கடை இருக்கு, அதுக்கு லாகின் அவன்தான் குடுத்தான், உள்ள போறதுக்கான கோடு நம்பரும் ஒவ்வொரு தடவையும் அவன்கிட்டதான் கேட்டு வாங்கணும், ஆஃப்லைன்ல போட்டா கேம் சர்வரைத் தேடிக்கிட்டு அப்படியே நிக்குது. இந்த கேமுக்கு ஆஃப்லைனே கிடையாதுங்க! தனியா ஆடுற சோலோ மோடுக்கும் நெட் வேணும். கிக்ஸ்டார்ட்டர்ல காசு திரட்டுனப்ப ஆஃப்லைன் உண்டுன்னு சொல்லிருந்தாங்க, ரிலீஸுக்கு ஒரு மாசம் இருக்கும்போது கிடையாதுன்னுட்டாங்க, அப்பவே பெரிய சண்டையான விஷயம். இல்லாத ஒண்ணைத்தான் இவன் எனக்கு வித்திருக்கான். கேட்டா "நெட் ஆன் பண்ணியே ஆடுங்க ப்ரோ, நைட்டு 10ல இருந்து 1 வரைக்கும் உங்க ஸ்லாட்டு" அப்படிங்குறான். ஒரே அக்கவுண்ட்ட நேரம் பிரிச்சுப் பல பேருக்கு விட்டிருக்கான், அந்தக் காலத்துல மணிக்கணக்குக்கு வாடகை சைக்கிள் எடுப்பாங்கள்ல, அதே கதைதான். அப்பவாவது காசைத் திருப்பிக் கேட்டிருக்கணும், கேக்கல, ஏன்னா அதுக்குள்ள எனக்கு கேம் புடிச்சுப் போச்சு.

புடிச்சதையும் சொல்லிடுறேன். அக்கவுண்ட்ல ஏற்கனவே ஒரு ஆஸ்ப் எக்ஸ்ப்ளோரர் கப்பல் இருந்துச்சு. சரக்கு ஏத்தி எறக்குற வேலையெல்லாம் ரெண்டு நாள்ல சலிச்சுருச்சு, எந்த ஸ்டேஷன் போனாலும் அதே மாதிரி மிஷன்தான், கணுக்கால் தண்ணின்னு சொன்னவன் தப்பா சொல்லல. ஆனா ஊரை விட்டு வெளிய கெளம்பிட்டா வேற கேம். ஒரு நட்சத்திரத்துல இருந்து இன்னொண்ணுக்குத் தாவுற ஒவ்வொரு ஜம்ப்பும் நேரா ஒரு சூரியன் மூஞ்சி முன்னாடி கொண்டுபோய் நிறுத்தும், பகீர்னு இருக்கும். எல்லா நட்சத்திரத்துலயும் எரிபொருள் அள்ள முடியாது, கே ஜி பி எஃப் ஓ ஏ எம் இந்த ஏழு வகையிலதான், அத மறந்துட்டுப் போனா நடுவுல நின்னுர வேண்டியதுதான். கிரகம் தேடுறதுக்கு ஒரு ஸ்கேனர் இருக்கு, எங்க அப்பத்தா வீட்டு ரேடியோவுல சிலோன் ஸ்டேஷன் புடிக்கிற மாதிரி மெல்ல மெல்லத் திருகணும், கொரகொரன்னு இரைச்சல் வரும், ஒரு எடத்துல சட்டுனு தெளிஞ்சு கிரகம் கண்ணு முன்னாடி நிக்கும். ஒம்போது ராத்திரி இப்படியே போனேன். கடைசி ராத்திரி வளையம் போட்ட ஒரு தண்ணிக் கிரகம், யாருமே அதுவரைக்கும் பாக்காத சிஸ்டம், அதாவது நட்சத்திர மண்டலம். அந்தத் தகவலை ஸ்டேஷன்ல கொண்டாந்து வித்தா முதல்ல கண்டுபிடிச்ச ஆளோட பேரு அங்க நிரந்தரமா நிக்கும். நிக்கப்போறது அக்கவுண்ட்ல இருக்குற எவனோ ஒருத்தன் பேருதான்னு எனக்கு அப்ப உறைக்கவே இல்ல பாருங்க.

மறுநாள் 10 மணிக்கு உள்ள போறேன், கப்பல் கெளம்புன ஸ்டேஷன்லயே நிக்குது. ஸ்கேன் பண்ணது ஒண்ணுகூட இல்ல, கையில இருந்த கிரெடிட்லயும், அதான் கேம் காசு, கொறைஞ்சிருக்கு. விக்காத தகவலோட கப்பல் வெடிச்சா அத்தனையும் அழிஞ்சிரும், அதான் இந்த கேமோட ரூலு, புதுக் கப்பலுக்கு வெலையில 5 சதவீதம் வேற கட்டணும். எனக்கு வித்தவனுக்குப் போன் போட்டேன்.

"ப்ரோ அது பகல் ஸ்லாட்டு ஆளு. கப்பல் எங்கயோ நடுக்காட்டுல நிக்குது, சுத்தி ஒண்ணுமே இல்லன்னு சொன்னாரு. செல்ஃப் டிஸ்ட்ரக்ட் குடுத்து, கப்பலைத் தானே வெடிக்க வச்சு, ஊருக்கு வந்துட்டாராம்."

ஒண்ணுமே இல்லையாம்! நான் ஒம்போது நாள் தூக்கத்தைக் கெடுத்துப் போய்ச் சேந்த எடம் அவனுக்கு நடுக்காடு. அவன் மேல தப்பு சொல்ல மாட்டேன், பாவம் அவனும் 350 கட்டுனவன்தானே, அவனைக் கேட்டா இந்த கேம்ல ஆழமே இல்லன்னுதான் சொல்லுவான். எங்க ஊர்ல பூட்டிக் கெடக்குற பெரிய வீட்ட வெளியூர்க்காரங்க வந்து பாத்துட்டு இவ்வளவு ரூம்பு எதுக்குன்னு கேப்பாங்க, அங்க பொறந்து வளந்தவங்களுக்கு ஒவ்வொரு ரூம்புக்கும் ஒரு கதை இருக்கும். இந்த மாதிரி முடிவில்லாத கேம்ல நாம சேத்து வச்சதுதான் ஆழமே, அதையே நாலு பேருக்கு வாடகைக்கு விட்டா என்னத்த மிஞ்சும்.

வித்தவன்கிட்ட நான் கொஞ்சம் சத்தம் போட்டேன், பிளாக் பண்ணிட்டான். ரெண்டு நாள் கழிச்சு பாஸ்வேர்டும் மாறிருச்சு. அவனே மாத்துனானா இல்ல அக்கவுண்டோட நெசமான ஓனர் ஸ்டீம்ல சொல்லித் திரும்ப வாங்கிட்டாரா தெரியல. எப்படியும் ஸ்டீம் அக்கவுண்ட்ட விக்கிறதே அவங்க ரூல்ஸ்படி தப்பு, வாங்குன நாம யார்கிட்டயும் போய் நியாயம் கேக்க முடியாது.

இதுல எனக்கு எரிச்சலே என்னன்னா, நான் பயந்த பயத்துக்கு வழி ஸ்டீம்லயே இருந்திருக்கு. வாங்கி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குக் கம்மியா ஆடிருந்தா ரீஃபண்ட் கேக்கலாம். புடிக்குதா இல்லையான்னு பாக்க அது போதும், சேல் வரைக்கும் காத்திருந்தா இன்னும் நல்லது. ஏற்கனவே யாருக்காவது கட்டிட்டீங்கன்னா 350 ரூவாதானேன்னு விடாதீங்க, சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குப் போன் அடிங்க, ஜிபே ஸ்கிரீன்ஷாட்ட அழிச்சுறாதீங்க. நான் கோவத்துல சாட்டையே அழிச்சுட்டேன், அந்த முட்டாள்தனத்தையும் சேத்துக்கங்க.

இப்ப சேல்ல சொந்தமா வாங்கிட்டேன். ஓட்டை சைட்விண்டர் கப்பல், கையில 1,000 கிரெடிட், முதல்ல இருந்து ஆரம்பிச்சிருக்கேன். அந்தத் தண்ணிக் கிரகத்தோட சிஸ்டம் பேரை நல்லவேளையா கடை பில் புக்கு பின்னாடி எழுதி வச்சிருந்தேன்.