மடக்கு நாற்காலியா, அளவெடுத்த நாற்காலியா?

அரசு முகாமில் தரும் மடக்குச் சக்கர நாற்காலி போதுமா, பணம் சேர்த்து, உடலுக்கு அளவெடுத்துச் செய்த சக்கர நாற்காலி வாங்கலாமா? குமரி மாவட்டத்தில் குளச்சலிலும் குலசேகரத்திலும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள்.

விலை
மடக்கு: அரசு முகாமில் இலவசம், கடையில் சில ஆயிரம்.
அளவெடுத்தது: சென்னை ஐஐடியில் உருவான நியோஃப்ளை நாற்காலி 2020இல் வந்தபோதே ஏறக்குறைய 40,000 ரூபாய். மீனவக் குடும்பத்துக்கு இது மலைப்பான தொகைதான்.

உடல்
இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மடக்கு நாற்காலியின் துணி இருக்கை நாளடைவில் தொய்ந்து இடுப்பைச் சரிக்கும். பனையிலோ தென்னையிலோ இருந்து விழுந்து தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்கு இடுப்புக்குக் கீழே பெரும்பாலும் வலி தெரியாது. ஒரே இடம் அழுந்துவதால் வரும் அழுத்தப்புண் ஆழமான பிறகே கண்ணில் படும். அளவும் பயிற்சியும் அவசியம் என்று உலக சுகாதார நிறுவனம் 2008இலேயே வழிகாட்டியிருக்கிறது. அளவு பார்க்காமல் கொடுப்பதைக் கண்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

பாதை
மடக்கு: விளவங்கோட்டு ஏற்றங்களில் பின்னால் ஒருவர் தள்ள வேண்டும்.
அளவெடுத்தது: தாமே உருட்டலாம், ஆனால் பின்னால் சாயக்கூடும், பழக வேண்டும்.
கடற்கரை மணலில் இரண்டுமே புதையும்.

பழுது
மடக்கு: சைக்கிள் கடையிலேயே பெரும்பாலும் சரிசெய்யலாம். கடற்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும்.
அளவெடுத்தது: உதிரிப்பாகம் வெளியூரிலிருந்து வரவேண்டும்.

மருத்துவமனைக்குப் போய்வர, சில மாத ஓய்வுக்கு, துணைக்கு ஆள் உள்ள முதியவருக்கு மடக்கு நாற்காலி போதும். நாள் முழுதும் அமர்ந்து படிப்பவர், வேலைக்குப் போகிறவர் அளவெடுத்ததையே வாங்கவேண்டும். அதுவரை மடக்கு நாற்காலிதான் என்றால், அழுத்தம் குறைக்கும் இருக்கை மெத்தையை இன்றே வாங்கிப் போடுங்கள்.