காதுகுத்துக்கு போட்டோகிராபரா, செல்போனா?

செலவு: போனுக்குக் காசில்லை. போட்டோகிராபருக்கு ஆயிரக்கணக்கில் ஆகும், ஆல்பம் தனி.

அந்த நொடி: தாய்மாமன் மடியில் குழந்தை, ஆசாரி கையில் ஊசி. அழுகை வெடித்ததும் போன் பிடித்தவர்கள் சமாதானப்படுத்த ஓடிவிடுவார்கள். போட்டோகிராபருக்கு அது ஒன்றே வேலை. மண்டபத்து மங்கல் வெளிச்சத்திலும் மாமனின் கலங்கிய கண்ணைப் பிடித்துவிடுவார்.

பிரிண்ட்: 12க்கு 18 அங்குலம் துல்லியமாக வர 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படம் தாங்காது. 4க்கு 6 என்றால் போன் படமே போதும்.

வீட்டோடு செய்தால் போன் சரி. ஊரைக் கூட்டினால் போட்டோகிராபரைச் சொல்லுங்கள். ஆல்பத்துக்குக் கையைக் கடித்தால், தாத்தா பாட்டியோடு ஒரு பெரிய பிரிண்டாவது போட்டுவிடுங்கள்.