கொரிய நடிகையை விளம்பரத்துக்குப் பிடித்த கதை: புரோக்கருக்கு அரை மார்க், ஏஜென்சிக்கு நாலு

ஆம்பூரில் ஃபேக்டரி, வேலூரில் ஷோரூம் என்று இருக்கும் ஒரு ஷூ கம்பெனியில் விளம்பர வேலை பார்க்கிறேன். 2025 தீபாவளிக்குக் காலேஜ் பெண்களுக்கென்று ஒரு ஸ்னீக்கர் வரிசை இறக்குவதாக இருந்தோம். யாரை வைத்து விளம்பரம் எடுப்பது என்று பேச்சு வந்தபோது வழக்கமான சீரியல் நடிகைகள் பெயர் இரண்டு மூன்று வந்து போனது. முதலாளி பாயின் மகள் மட்டும், "அத்தா, எங்க கிளாஸ்ல பாதிப் பேரு கொரியன் டிராமாதான் பாக்குறாங்க, அங்கேருந்து ஒருத்தரக் கூட்டிட்டு வாங்க" என்றாள். காட்பாடி ஸ்டேஷனுக்கு ஆட்டோ அனுப்பிக் கூட்டிவருகிற மாதிரி நினைப்பு. பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். "20 லட்சம், அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது தம்பி." அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த உத்தரவு.

கூகுளில் தேடினால் முதலில் கண்ணில் படுகிறவர்கள் நடிகர்களை ஒப்பந்தத்தில் வைத்திருக்கும் ஏஜென்சிகள் இல்லை, நடுவில் நிற்கிற புரோக்கர்கள். நாங்கள் பிடித்தவர் யார், எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. வெப்சைட்டைத் திறந்தால் சியோலில் இருக்கிற அத்தனை முகமும் அவர் கைக்குள் இருப்பது போலத் தெரியும். ஒரு நடிகை பெயரைச் சொன்னோம், அரை மணி நேரத்தில் "டேட் இருக்கு சார்" என்றார். அங்கேயே உஷாராகி இருக்க வேண்டும். நம்ம ஊர் கல்யாணத்துக்கு நாதஸ்வரக்காரரைக் கேட்டாலே டைரியைப் பார்த்து நாளைக்குச் சொல்கிறேன் என்பார். முதலில் சர்வீஸ் சார்ஜ் 50,000 கட்டச் சொன்னார், கட்டினோம். அப்புறம் டேட்டை லாக் பண்ண மூன்று லட்சம் டோக்கன் கேட்டார், கூடவே ஏஜென்சியின் லோகோ போட்ட ஒரு கடிதத்தையும் அனுப்பினார். லோகோ, போட்டோவைப் போட்டோ எடுத்த மாதிரி மங்கலாக இருந்தது. இந்த நடிகைக்காகப் பேச உங்களுக்கு அதிகாரம் கொடுத்த கடிதம் எங்கே என்று கேட்டால், அதெல்லாம் ரகசியம் என்றார். சரி என்று ஏஜென்சியின் சொந்த வெப்சைட்டில் இருந்த முகவரிக்கே எழுதிக் கேட்டேன். நாலு நாள் கழித்து ஒற்றை வரியில் பதில் வந்தது, அப்படி ஒருவரை எங்களுக்குத் தெரியாது என்று. 50,000 போனது போனதுதான். புரோக்கருக்கு நான் போட்ட அந்த அரை மார்க், போனை மட்டும் ஒழுங்காக எடுத்ததற்கு.

அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. கொரியாவில் கலைஞர்களை வைத்து ஏஜென்சி நடத்த வேண்டுமென்றால் அரசாங்கத்திடம் பதிவு செய்திருக்க வேண்டும், 2014லிருந்து அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 2025 செப்டம்பரில் அங்கே பெரிய பெயர்கள் சிலரே பதிவு செய்யாமல் சொந்தக் கம்பெனி நடத்தி மாட்டிக்கொண்டது செய்தியானது. அதனால் பதிவுச் சான்றைக் கேட்பதை அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கம்பெனிப் பதிவு எண் பத்து இலக்கம், மூன்று, இரண்டு, ஐந்து என்று பிரித்து எழுதியிருக்கும். அதையும் கேளுங்கள். முகம் சுளிக்கிறவர் இடைத்தரகர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கிலீஷில் நான் போட்ட மெயில்கள் பதினொன்று, பதில் அந்த ஒற்றை வரி மட்டும்தான். சென்னையில் இருக்கும் இந்திய-கொரியக் கலாச்சார மையமான இன்கோ மையத்தில் கொரிய மொழி படித்த ராணிப்பேட்டைப் பெண் ஒருத்தியைப் பிடித்தோம். என் மெயிலைப் படித்துவிட்டு, "அண்ணா, இதுல வணக்கம் மட்டும்தான் உருப்படியா இருக்கு" என்றாள். என்ன பொருள், விளம்பரம் எங்கெல்லாம் ஓடும், எந்த நாட்டில், எத்தனை மாதம், எத்தனை மணி நேர ஷூட்டிங், எவ்வளவு பணம் என்று முதல் மெயிலிலேயே வரிசையாக எழுத வேண்டுமாம். பணத்தை முதலிலேயே சொல்ல எனக்கு மனசே வரவில்லை, வேலூர் லாங் பஜாரில் வளர்ந்தவன், எதிராளி வாயிலிருந்துதான் முதலில் விலை வர வேண்டும். ஆனால் அவள் கொரிய மொழியில் எழுதி, பணத்தையும் போட்டு, அங்கே இருக்கும் மேனேஜரை 'சில்ஜாங்நிம்' என்று பதவி சொல்லிக் கூப்பிட்டு அனுப்பியதும் இரண்டே நாளில் மூன்று பதில் வந்தது. ஒன்று, உங்கள் தொகை எங்களுக்குச் சரிப்படாது என்று மரியாதையாகச் சொன்னது. இன்னொன்று, பரிசீலித்துச் சொல்கிறோம் என்றது. அதற்கு அர்த்தம் நம்ம ஊர் 'பாக்கலாம்'தான், காத்திருக்க வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

எஸ்எம், ஒய்ஜி, ஜேஒய்பி, ஹைப் என்று கொரியாவின் மிகப் பெரிய ஏஜென்சிகள் நாலு, இந்த நாலு பெரிய வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம். ஹைப் 2025ல் மும்பையில் கிளையே போட்டிருக்கிறது, இருந்தாலும் 20 லட்சத்தைச் சொல்லி அங்கே நின்றால் நமக்கே கூச்சமாக இருக்கும். நமக்குத் தோதானது பத்துப் பதினைந்து நடிகர்களை வைத்திருக்கும் சின்ன ஏஜென்சிகள். அங்கேயும் நினைத்த ஆள் கிடைப்பதில்லை. ஒரு பையனைக் கேட்டோம், அவன் ராணுவச் சேவைக்குப் போகப்போகிறானாம், தரைப்படை என்றால் 18 மாதம். ஒரு பெண்ணுக்கு ஏற்கெனவே வேறு ஷூ பிராண்டு இருந்தது, அது முடியும்வரை செருப்புப் படத்தில்கூட நிற்க முடியாது. இன்னொருத்திக்கு ஏஜென்சியோடு போட்ட ஒப்பந்தமே மூன்று மாதத்தில் முடிகிறது. அங்கே 2009ல் வெளியான பொது ஒப்பந்தப் படிவத்தில் ஏழு வருடம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், ஏழாவது வருடம் முடியப்போகிறவரை வைத்து ஆறு மாத விளம்பரத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டோம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. ஏஜென்சிக்குப் போட்ட நாலு மார்க்கில் ஒன்று அதற்கு.

கடைசியில் இரண்டு டிராமாவில் தோழி வேஷத்தில் வந்த ஒரு நடிகை சம்மதித்தார். நேரில் வருவதில்லை. சியோலிலேயே நாலு மணி நேரம் போட்டோ, ஒரு வீடியோ வாழ்த்து, ஆறு மாதம், இந்தியாவில் மட்டும், கடையிலும் ஆன்லைனிலும் மட்டும், டிவி கிடையாது. வேலூருக்கு வர வேண்டுமென்றால் மேனேஜர், மேக்கப், முடி அலங்காரம், உடை என்று ஒரு படையே வரும், அத்தனை பேருக்கும் டிக்கெட், ரூம் எல்லாம் நம் தலையில். தவிர வெளிநாட்டுக் கலைஞர் இங்கே வந்து மேடையேறினால் அந்தப் பணத்தில் 20 சதவீதத்தை டிடிஎஸ், அதாவது வரியாக முன்கூட்டியே பிடிக்க வேண்டும், அந்த வரிக்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரி வேறு. அவர்களோ கையில் வரும் தொகையைத்தான் பேசுவார்கள். அவர் கைக்கு 20 போக வேண்டுமென்றால் நாம் 25க்கு மேலேயே எடுத்து வைக்க வேண்டும் என்று ஆடிட்டர் சொன்னதும் பாய் டீயைக் கீழே வைத்துவிட்டார். படத்துக்கு மட்டும் பணம் அனுப்பவும் அப்போது 15 சிஏ, 15 சிபி என்ற வருமான வரிப் படிவங்கள், அவர் கொரியாவில் வரி கட்டுகிறவர் என்பதற்கு அங்கிருந்து வரி வதிவிடச் சான்று, 10 எஃப் படிவம் என்று ஏகப்பட்ட காகிதம் தேவைப்பட்டது. எங்களுக்கு மெயிலில் போன நாட்களைவிட இதில் போன நாட்கள் அதிகம். பேச்சு தொடங்குகிற அன்றே ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

ஷூ அனுப்பக் காலளவு கேட்டோம். '240' என்று பதில் வந்தது. ஷோரூமில் யாருக்கும் புரியவில்லை, இன்னொருவர் போன் நம்பர் பாதியில் நின்றுவிட்டதோ என்றுகூடப் பார்த்தோம். ஃபேக்டரிக்குப் போன் போட்டால் மாஸ்டர் சிரித்தார். முப்பது வருடமாக எக்ஸ்போர்ட் ஷூக்களின் லாஸ்ட், அதாவது கால் அச்சு, பார்க்கிற கை. "மில்லிமீட்டருப்பா. காலு நீளம். 38 போடு, எதுக்கும் 37ம் ஒரு ஜோடி வை." அதே போல் இரண்டு ஜோடி போனது. 38 கச்சிதமாக இருந்தது என்று சில்ஜாங்நிம் காலை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினார், தையல் நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்து. மாஸ்டர் அந்தப் போட்டோவை இன்னும் போனில் வைத்திருக்கிறார்.

நேர விஷயத்தில்தான் நான் கோட்டை விட்டேன். அவர்கள் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறார்கள். நாம் பத்து மணிக்குக் கடை திறக்கும்போது அங்கே மதியச் சாப்பாடே முடிந்து ஒன்றரை. நம்ம நேரம் இரண்டரைக்குள் பேசி முடிக்காவிட்டால் அன்றைய நாள் போச்சு. அக்டோபர் 1, 2 இங்கே ஆயுத பூஜை, விஜயதசமி. சரி, மூன்றாம் தேதி பேசலாம் என்று பார்த்தால் அங்கே சூசொக் என்ற அறுவடைப் பண்டிகையும் மற்ற விடுமுறைகளும் சேர்ந்து 3லிருந்து 9 வரை ஆபீஸே இல்லை. தீபாவளி 20ஆம் தேதி. வீடியோ வந்தது 14ஆம் தேதி இரவு. "வணக்கம் வேலூர்" என்று அவர் சொன்னதில் வேலூர் 'பெல்லோரு' ஆகியிருந்தது. பாயின் மகள் அதை மாற்றவே கூடாது என்றாள். அந்தப் 'பெல்லோரு'தான் ரீல்ஸில் ஓடியது.

ஸ்னீக்கர் விற்றதா என்றால், விற்றது. வீடியோவாலா, தள்ளுபடியாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

ஆறு மாதம் முடிவதற்குப் பத்து நாள் முன்னால் நினைவூட்டி மெயில் வந்தது: படங்களை எடுத்துவிட வேண்டும், எடுத்ததற்குப் போட்டோ அனுப்ப வேண்டும். மழை கரைக்கும்வரை போஸ்டர் சுவரில் இருக்கிற ஊரில் இதை யாரிடம் சொல்வது. ஷோரூம் முகப்பில் இருந்த பெரிய ஃப்ளெக்ஸை இறக்கியபோது குடோன் பையன் ஓடி வந்து, ஆட்டுக் கொட்டாய்க்கு மேலே போடக் கேட்டான். ஒப்பந்தப்படி முகம் எங்கேயும் தெரியக் கூடாது. முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, நாலாய்க் கிழித்து, போட்டோ எடுத்துச் சியோலுக்கு அனுப்பினேன். ஷூ படம் இருந்த மிச்சத்தை அவன் சுருட்டிக்கொண்டு போனான்.